ராக்கிங்ஹாமா, ஹாம்பர்க்கா?

பெரிய வெள்ளி நெருங்கினாலே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் பாடகர் குழுவில் இந்தப் பேச்சு வந்துவிடும். ஆங்கிலப் பாடலாசிரியர் ஐசக் வாட்ஸ் 1707-இல் வெளியிட்ட சிலுவைப் பாட்டு, தமிழில் ‘என் அருள்நாதா இயேசுவே’. அதை ராக்கிங்ஹாம், ஹாம்பர்க் என்ற இரண்டு மெட்டுகளில் எதில் பாடுவது?

லோவல் மேசன் 1824-இல் அமைத்த ஹாம்பர்க் ஐந்தே சுரங்களுக்குள் அடங்கிவிடும். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் பாடும் பிள்ளைகள்கூட ஒரே ஒத்திகையில் பிடித்துக்கொள்வார்கள். சரி, ஆனால் மூன்றாவது சரணத்திலேயே எனக்குச் சலிப்புத் தட்டிவிடும்.

ராக்கிங்ஹாம் 1790-இல் வந்தது. இங்கிலாந்தின் டான்காஸ்டர் ஆலயத்தில் ஆர்கன் வாசித்த எட்வர்ட் மில்லர் தந்தது. மூன்று தட்டு நடை. அதனால் ‘நாதா’வின் நெடில்கள் அவசரமில்லாமல் நீள்கின்றன. மேலேயும் ஏறும், வயதான அக்காமார் முணுமுணுப்பார்கள். அரை சுருதி இறக்கினால் போதும். என் ஓட்டு இதற்குத்தான். ஆர்கன்காரர் வராத அன்றைக்கு மட்டும் ஹாம்பர்க்.