சுழலும் பிரஷ் மாட்டிய தண்ணீர்க் கம்பு: சுங்கை சிப்புட் கடைவரிசைகளில் என் அனுபவம்

ஜன்னல் கழுவும் தண்ணீர்க் கம்பின் நுனியில், பிரஷ் இடமும் வலமும் திரும்புவதற்காக மாட்டும் கழுத்துதான் ஸ்விவல். அதை மாட்டினால் கண்ணாடி கூடுதலாகப் பளபளக்குமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பளபளக்காது. அழுக்கை எடுப்பது பிரஷ்ஷின் முடியும் சுத்தமான தண்ணீரும்தான். ஸ்விவல் கையில் இருந்தால் எங்கே நின்று வேலை செய்வது என்பதை நாமே முடிவு செய்யலாம். அதற்காகத்தான் நான் காசு கொடுத்தேன். சில ஆண்டுகள் ஓடிவிட்டன, இன்னும் அதே முடிவில்தான் இருக்கிறேன்.

எங்கள் ஊர் பேராக்கில், ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவே இருக்கிறது. சுற்றிலும் ரப்பரும் செம்பனையும். ஊருக்குள் வேலை பெரும்பாலும் இரண்டு மாடிக் கடைவீடுகளில்தான் கிடைக்கும். கீழே அஞ்சடி என்கிற கடை முன் நடைபாதை, அதன் மேல் ஜிங் தகரம் போட்ட சாய்ப்பு, சாய்ப்புக்கு மேலே மாடி ஜன்னல்கள். அஞ்சடியை ஒட்டி லோங்கான், அதாவது சாக்கடை. லோங்கானைத் தாண்டினால் வரிசையாகக் கார்கள். ஜன்னலுக்கு நேர் கீழே நிற்கலாம் என்று பார்த்தால் சாய்ப்பு மறைக்கும். பின்னால் வந்தால் கார். நேராக நிற்க இடமே இருக்காது. இப்படிப்பட்ட ஊரில் பக்கவாட்டிலிருந்து கம்பை நீட்டித்தான் ஆக வேண்டும்.

அழுக்கும் சாதாரண அழுக்கு இல்லை. செம்பனை ஆலையில் பழத்தின் நாரையும் ஓட்டையும்தான் கொதிகலனுக்கு எரிபொருளாகப் போடுகிறார்கள். ஆலைப் பக்கம் இருக்கிற வீடுகளின் ஜன்னலில் விரலை வைத்தால் கறுப்பாக ஒட்டும். குலை ஏற்றிய லாரிகள் தோட்டத்துச் செம்மண்ணைச் சக்கரத்தில் கொண்டுவந்து ரோட்டில் இறக்கிவிட்டுப் போகும், அடுத்த வெயிலில் அது தூளாகி மேலே ஏறும். போதாததற்கு ஆண்டுக் கடைசியில் வடக்கிலிருந்து வரும் தகைவிலான் குருவிகள். பேராக்கில் பல ஊர்களில் பார்த்திருப்பீர்கள், மாலையானால் மின்கம்பி முழுக்க உட்கார்ந்துவிடும். கம்பிக்குப் பக்கத்தில் இருக்கிற கண்ணாடியின் கதியைச் சொல்லத் தேவையில்லை.

தண்ணீர்க் கம்பைப் பார்க்காதவர்களுக்காக ஒரு சுருக்கம். ஒன்றுக்குள் ஒன்றாக நீளும் கம்பு, ஃபைபர் கிளாஸிலோ கார்பனிலோ இரண்டும் கலந்தோ செய்தது. நுனியில் பிரஷ், பிரஷ்ஷுக்குள் சின்ன ஜெட்டுகள், கம்போடு போகும் மெல்லிய குழாய். சோப்பு கிடையாது, துணி கிடையாது. உப்பும் தாதும் நீக்கிய தண்ணீரை விட்டுத் தேய்த்து, அதே தண்ணீரில் அலசிவிட்டு வந்துவிடலாம். தண்ணீரில் கரைந்த பொருள் எதுவும் இல்லாததால் காய்ந்த பிறகு பொட்டு விழாது. இதைப் பார்க்க, தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் வேண்டும். பூஜ்யம் காட்டினால் நல்லது, 10-ஐத் தாண்டினால் உப்பையும் தாதையும் பிடித்துக்கொள்ளும் ரெசினை நான் மாற்றிவிடுவேன். எங்கள் குழாய்த் தண்ணீர் ஆற்றுத் தண்ணீர், மீட்டரில் குறைவாகத்தான் காட்டுகிறது. அதனால் டீஅயோனைசிங் ரெசின் உருளை ஒன்றே எனக்குப் போதுகிறது. அதிகமாகக் காட்டும் இடங்களில் ஆர்ஓ, அதாவது மெம்பிரேன் என்ற மெல்லிய சவ்வு வழியாகத் தண்ணீரை வடிகட்டும் கருவி, இல்லாமல் ரெசின் மட்டும் வைத்தால் செலவு தாங்காது. ஆர்ஓ வைப்பவர்கள் அதற்கு முன்னால் கார்பன் ஃபில்டர் போட மறக்க வேண்டாம். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் மெம்பிரேனைக் கெடுத்துவிடும்.

சரி, ஸ்விவலுக்கு வருவோம். சாதாரண பிரஷ் கம்பின் நுனியில் ஒரே திசையைப் பார்த்து நிற்கும். ஜன்னலுக்கு நேரே நின்றால் முடி முழுதும் கண்ணாடியில் படியும். மூன்று அடி பக்கவாட்டில் நகர்ந்தால் ஒரு முனைதான் தொடும், மறு முனை காற்றில் இருக்கும். அழுத்தித் தேய்த்தால் கம்பு வளைகிறதே தவிர பிரஷ் படியாது. ஸ்விவல் இருந்தால் பிரஷ்ஷின் கழுத்து இடமும் வலமும் திரும்பும். கம்பு எந்தச் சாய்வில் வந்தாலும் கண்ணாடியில் பட்டவுடன் பிரஷ் தானாகவே தட்டையாகப் படுத்துக்கொள்ளும்.

ஒரு மாடி ஜன்னலை எடுத்துக்கொள்ளுங்கள். நான் இரண்டு கார்களுக்கு நடுவே உள்ள சந்தில் நிற்கிறேன், ஜன்னல் எனக்கு இடது பக்கம் தள்ளி இருக்கிறது. முதலில் பிரஷ்ஷைக் கண்ணாடியின் மேல் விளிம்பில் வைத்து வெறுமனே நனைக்கிறேன். பறவை எச்சம் ஊற வேண்டும். அதற்குள் மேல் சட்டத்தை இரண்டு தடவை இழுத்துவிடலாம். அப்புறம் கம்பைக் கால்திருப்பம் திருப்பினால் பிரஷ் செங்குத்தாக நிற்கும், பக்கச் சட்டத்தை மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பில் முடிக்கலாம். மறுபடி திருப்பினால் படுக்கைக்கு வந்துவிடும், கண்ணாடியைத் தேய்க்கலாம். கடைசியில் அலசல். முடி கண்ணாடியை லேசாகத் தொட்டபடியே மேலிருந்து கீழே வர வேண்டும். கண்ணாடியிலிருந்து எடுத்துவிட்டு அலசலாம் என்று நினைத்தால், ஸ்விவல் தலை காற்றில் ஆடும், ஜெட் தண்ணீர் சுவருக்கும் சாய்ப்புக்கும் போகும். சாய்ப்பில் பட்டுத் தெறிக்கிற செம்மண் தண்ணீர் திரும்பக் கண்ணாடிக்கே வந்து சேரும். நான் நின்ற இடத்தைவிட்டு நகராமல் இடப்பக்க ஜன்னல், நடு ஜன்னல், வலப்பக்க ஜன்னல் மூன்றையும் முடிக்க முடிகிறது. கார்களை எடுக்கச் சொல்லிக் கடை கடையாய்ப் போய்க் கேட்க வேண்டியதில்லை. இந்த ஒன்றுக்காகவே வாங்கலாம்.

ஆனால் பக்கவாட்டில் நிற்பதற்கு ஒரு விலை உண்டு, அது கம்பின் நீளம். ஜன்னல் 5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி நேராக நின்றால், தரையிலிருந்து கணக்குப் போட 5.1 மீட்டர் போதும். அதே 1 மீட்டரில் நின்று 3 மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் 5.9 ஆகிவிடும். கூடுகிற நீளம் முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் மேல்தான். ஆனால் சாய்ந்த கம்பில் அது தோளில் தெரியும். ஸ்விவலும் தன் பங்குக்கு நுனியில் எடை ஏற்றுகிறது. கையில் வைத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லாத எடை, கம்பின் உச்சியில் போய் உட்கார்ந்தால் வேறு மாதிரி. ஃபைபர் கிளாஸ் கம்பில் ஸ்விவல் மாட்டி மதியம்வரை வேலை செய்தவருக்கு நான் சொல்வது புரியும். கார்பனோ, கார்பன் கலந்த கம்போ இருந்தால் மட்டும் ஸ்விவல் பக்கம் போங்கள் என்பது என் கருத்து.

பிரஷ்ஷின் அகலத்திலும் கவனம் வேண்டும். அகலமான பிரஷ் நேராக நின்று செய்யும் வேலைக்கு அருமை. ஸ்விவலில் மாட்டினால் ஒரு முனை சட்டத்தில் இடிக்கும்போது அதன் நீளமே நெம்புகோலாகிக் கழுத்தைத் தளர்த்திவிடும். சுமார் 30 சென்டிமீட்டர் அகலமுள்ள லேசான பிரஷ் எனக்கு ஒத்துவருகிறது. கூடுதலாக நாலு இழுப்பு இழுக்க வேண்டும், பரவாயில்லை.

நீண்ட காலம் வைத்துப் பயன்படுத்தினால்தான் தெரியவரும் விஷயம் கழுத்தின் இறுக்கம். கழுத்தில் ஒரு போல்ட், இரண்டு பக்கமும் நைலான் வாஷர். ரொம்ப இறுக்கினால் பிரஷ் திரும்பாது, சாதாரண பிரஷ் ஆகிவிடும். தளர்த்தினால் கண்ணாடியை விட்டு எடுத்த நிமிடமே தலை தொங்கிவிடும், அடுத்த ஜன்னலுக்குக் கொண்டுபோவதற்குள் எங்காவது மோதும். நான் பார்க்கும் அளவு இதுதான்: தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது கம்பைக் கிடையாகப் பிடித்தால் தலை தன் எடையில் சாயக் கூடாது, விரல் நுனியால் தள்ளினால் திரும்ப வேண்டும். காலையில் சரியாக வைத்தது பத்துப் பதினோரு மணிக்குத் தளரும். "அண்ணே, தலை சாயுது" என்று என்னோடு வேலை செய்யும் தம்பி குரல் கொடுத்தால் கம்பை இறக்கி ஒரு சின்னத் திருகு. இதற்குச் சாவி தேடிக்கொண்டிருக்க முடியாது, அதனால் கையால் திருகுகிற நட் வைத்த மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

எங்கள் செம்மண் தூள் அந்த வாஷருக்கு எமன். தண்ணீரோடு சேர்ந்து சந்தனம் அரைத்த பதத்துக்கு வந்து இடுக்கில் உட்கார்ந்துகொள்ளும். காய்ந்தால் திருப்பும்போது கரகரவென்று சத்தம் வரும். நைலான் தேய்வது அப்போதுதான். சத்தம் வரும்வரை காத்திருக்காமல், வாரக் கடைசியில் போல்ட்டைக் கழற்றிப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி வைப்பது நல்லது. எண்ணெய், கிரீஸ் எதுவும் வேண்டாம். அலசும் தண்ணீரோடு அது கண்ணாடிக்குப் போய்க் கோடு விழும், பொட்டில்லாமல் காய வேண்டும் என்று ரெசினுக்குக் கொடுத்த காசு வீண்.

குழாய் விஷயம் இதைவிட நுணுக்கமானது. பிரஷ்ஷுக்குப் போகும் முன் குழாய் இரண்டாகப் பிரிந்து இரண்டு ஜெட்டுக்குப் போகும். தலை ஒரு பக்கம் முழுதாகத் திரும்பினால் உள்பக்கக் குழாய் மடங்கும், அந்த ஜெட் நின்றுவிடும். கீழே நிற்பவருக்கு இது தெரியாது. பாதிக் கண்ணாடி நன்றாக அலசப்பட்டிருக்கும், மீதிப் பாதி காய்ந்த பிறகு மங்கலாக இருக்கும். தண்ணீர் சுத்தமில்லை என்று ரெசினைச் சந்தேகப்பட்டு மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். முதலில் கம்பை இறக்கித் தலையை இரண்டு பக்கமும் திருப்பி, இரண்டு ஜெட்டும் ஓடுகிறதா என்று பாருங்கள். கழுத்துப் பக்கத்தில் ஒரு சாண் அளவு குழாய் தொய்வாக இருந்தால் போதும். அதற்கு மேல் விட்டால் சாய்ப்புத் தகரத்தின் ஸ்குரூவில் மாட்டும்.

நான் முதலில் வாங்கியது இணையத்தில் கிடைத்த மலிவான ஒன்று. கழுத்து முழுக்கப் பிளாஸ்டிக், மரை தேய்ந்து ஒரு நாள் பிரஷ் சாய்ப்பின் மேலேயே கழன்று விழுந்தது. கடைக்காரரிடம் கேட்டதற்குப் பதில் வரவில்லை. அடுத்து வாங்கியது 200 வெள்ளியை (ரிங்கிட்டை) தாண்டியது. மரை இருக்கும் இடத்தில் உலோகம் பதித்தது, இன்றுவரை அதுதான் ஓடுகிறது. பிரஷ்ஷும் ஸ்விவலும் ஒரே மரை அளவுதானா என்று வாங்கும் முன் கேட்டுவிடுங்கள். பலதும் யூரோ திரெட் என்கிற மரை வகை, ஆனால் எல்லாமும் அல்ல.

முடி பற்றி ஒரு வார்த்தை, இது நம் நாட்டுக்கே உரிய சங்கதி. காய்ந்துபோன அழுக்குக்கு பன்றி முடி பிரஷ் நன்றாக வேலை செய்யும் என்று வெளிநாட்டுக்காரர்கள் புகழ்வார்கள். அது உண்மைதான். ஆனால் நான் சுராவுக்கும் (சிறிய தொழுகை இடம்) மலாய்க்காரர் வீட்டுக்கும் போகிறவன், அதைக் கொண்டுபோய் அவர்கள் ஜன்னலில் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. பன்றி, நாய் உறுப்புகளில் செய்த பொருளைத் தெளிவாகக் குறித்து, தனியாக வைத்துத்தான் விற்க வேண்டும் என்று 2013-இலிருந்து சட்டமே இருக்கிறது. நைலான் முடி மட்டும் வைத்துக்கொண்டேன். எச்சம் போகவில்லையா, இன்னொரு தடவை ஊறவிட்டால் போகும். வாடிக்கையாளர் கேட்பதற்கு முன்னாலேயே, "இது நைலான் முடிங்க" என்று சொல்லிவிடுவது என் வழக்கம்.

ஸ்விவல் எல்லா இடத்துக்கும் வேண்டியதில்லை. தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் முன்னால் இடம் இருக்கும், நேராக நிற்கலாம், அங்கே கழற்றிவிட்டு அகலமான பிரஷ்ஷை மாட்டினால் வேலை விரைவாக முடியும். தமிழ்ப்பள்ளிக் கட்டடங்கள் பலவற்றில் வராந்தா பக்கம் கைக்கு எட்டும், வெளிப்பக்கம் நீளச் சுவர், அங்கேயும் அப்படித்தான். பழைய தோட்ட வீடுகளிலும் கிராணி (தோட்டக் குமாஸ்தா) வீடுகளிலும் இருக்கும் நாக்கோ ஜன்னலுக்கு ஸ்விவல் ஆகவே ஆகாது. பட்டை பட்டையாகக் கண்ணாடி, தலை ஆடினால் விளிம்பில் மாட்டி ஒரு பட்டையை இழுத்துவிடும். கழுத்தை முழுதாக இறுக்கிவிட்டோ, அல்லது பட்டைகளைக் கழற்றிக் கையால் கழுவியோ கொடுப்பேன். வெளியே கிரில் போட்ட ஜன்னலுக்கும் கையும் துணியும்தான்.

இனி சொல்லப்போவதைத் தயவுசெய்து தள்ளிப்படிக்க வேண்டாம். கடைவரிசையின் பின்சந்தில் மின்கம்பிகள் தாழ்வாகப் போகும். கார்பன் மின்சாரம் கடத்தும். ஃபைபர் கிளாஸ் கடத்தாது என்பது காய்ந்த, சுத்தமான கம்புக்குச் சொன்னது, நனைந்து அழுக்கேறிய கம்பை நம்பிவிடாதீர்கள். ஸ்விவல் உதவும் பெரிய இடம் இதுதான். கம்பிக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று, கம்பு கம்பியை விட்டு விலகிச் சாயும்படி வேலை செய்யலாம். அப்படியும் முடியாது என்றால் அந்த ஜன்னலை நான் செய்வதில்லை. கடை முதலாளியிடம் காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்கிறார். மதியத்துக்கு மேல் இடி இறங்கும் ஊர் இது, முதல் முழக்கம் கேட்டவுடன் கம்பை மடக்கிவிட வேண்டும். வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி 2024 ஜூன் 1 முதல் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஏணி ஏறுவீர்களா என்று அலுவலகங்களில் முதலிலேயே கேட்கிறார்கள். இல்லை என்று சொல்ல முடிவது நல்ல விஷயம்.

உபரிப் பாகங்களுக்கு ஒரு வழி. போல்ட்டையும் நைலான் வாஷரையும் கழற்றி எடுத்துக்கொண்டு நம் ஊர் ஹார்ட்வேர் கடைக்கே போங்கள். அதே அளவில் பொட்டலமாகக் கிடைக்கிறது, சில வெள்ளிதான். போல்ட் மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகக் கேளுங்கள், சாதாரண இரும்பு துருப்பிடித்துக் கழுத்தோடு ஒட்டிவிடும். இரண்டு மூன்று செட் வேனில் கிடக்கட்டும்.