காலிப்ரேஷன் ஸ்டிக்கரை நம்பி ஏமாந்தேன்: தர்மபுரி, கிருஷ்ணகிரி லேப்காரர்கள் கவனத்துக்கு

தர்மபுரியில் ஒரு சின்னத் தண்ணீர்ப் பரிசோதனை லேப்பைப் பார்த்துக்கொள்கிறேன். எங்களிடம் வரும் பாட்டில்களில் முக்கால்வாசி ஃபுளோரைடு பார்க்கத்தான். நம் இரண்டு மாவட்டத்துப் போர்வெல் தண்ணியில் ஃபுளோரைடு அதிகம் என்பது உங்களுக்கே தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனாலும் குழாயில் தண்ணி வராத நாளில் ஜனங்கள் போர்வெல்லுக்குத்தான் போகிறார்கள்.

போன ஜூனில் எங்கள் ஸ்பெக்ட்ரோவுக்கு (தண்ணி எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று அளக்கும் மெஷின்) வருடாந்திர காலிப்ரேஷன், அதாவது அது சரியாக அளக்கிறதா என்ற சோதனை. வெளியூர்க் கம்பெனி, ஜிஎஸ்டி போக 4,500 ரூபாய். வந்த பையன் மெஷினை ஆன் செய்து, லேம்ப் நிதானத்துக்கு வரும்வரைகூடப் பொறுக்காமல், டிஸ்டில்டு வாட்டர் வைத்து ஜீரோ போட்டான். மெஷினைச் சரிபார்க்கும் கண்ணாடி ஃபில்டர்கள் உள்ள பெட்டி என்று ஒன்று பையிலிருந்து வெளியே வரவே இல்லை. 20 நிமிஷத்தில் பச்சை ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, "மெஷின் சூப்பரா இருக்கு மேடம், இதுல ஒரு கையெழுத்து மட்டும்" என்றான். போட்டுக் கொடுத்தேன். இன்றைக்கு அந்தக் கையெழுத்தைத்தான் எனக்கு எதிராகக் காட்டுகிறார்கள்.

அக்டோபரில் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். ஆகஸ்டில் அவர் போர்த் தண்ணிக்கு நாங்கள் கொடுத்த ரிப்போர்ட் 1.1. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி, வேறு தண்ணியே இல்லையென்றால் 1.5 வரை. அதையேதான் அவரிடமும் சொல்லியிருந்தேன். இப்போது வேறொரு லேப்பில் எலெக்ட்ரோடு வைத்துப் பார்த்து 1.6 என்று கொடுத்திருக்கிறார்கள். "ஏம்மா, நீ குடிக்கலாம்னு சொன்னதாலதான பேரப்புள்ளைக்கும் அதையே குடுத்துட்டு இருந்தேன்" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அன்று சாயங்காலமே புது ஸ்டாண்டர்டு, அதாவது அளவு தெரிந்த ஃபுளோரைடு கரைசல், போட்டேன். காயவைத்த சோடியம் ஃபுளோரைடு 221 மில்லிகிராம், ஒரு லிட்டர் தண்ணியில் கரைத்தால் லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஃபுளோரைடு. அதை நூறு மடங்கு நீர்த்தால் 1.0. மெஷின் காட்டியது 0.7. மறுபடி போட்டேன், 0.71. மூன்றாம் தடவையும் 0.7.

தெரிந்த கல்லூரியிலிருந்து ஹோல்மியம் ஃபில்டர் வாங்கி வந்தேன். க்யூவெட் (மெஷினில் தண்ணி ஊற்றி வைக்கும் சின்னக் குப்பி) அளவுச் சட்டம், நடுவில் வெளிர்மஞ்சள் கண்ணாடி, அவ்வளவுதான். அது 361, 446, 536 நானோமீட்டர் பக்கம் கூர்மையாக ஒளியை விழுங்கும். எந்த மெஷினில் வைத்தாலும் அந்த இடம் மாறாது. எங்கள் மெஷினில் 536க்கு வரவேண்டிய முனை (ஒளியை அதிகம் விழுங்கும் இடம்) 543ல் நின்றது. அதாவது நான் 570 என்று வைத்தபோது உள்ளே போன வெளிச்சம் 563 பக்கம். ஃபுளோரைடு கூடக்கூட ஸ்பேட்ன்ஸ் சாயத்தின் சிவப்பு வெளுக்கும், அதை 570ல் அளப்பதுதான் இந்த முறை. மெஷின் ஒழுங்காக இருந்த காலத்தில் போட்டு வைத்த கர்வ், அதாவது ரீடிங்கை ஃபுளோரைடு அளவாக மாற்றும் வரைகோடு, இப்போது பொருந்தாமல் போய்விட்டது. ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒரு ஸ்டாண்டர்டு ஓட்டியிருந்தால் ஜூலையிலேயே பிடித்திருப்பேன். ஓட்டாதது என் தப்பு, மறைக்கவில்லை.

பிறகுதான் சர்ட்டிபிகேட்டை உட்கார்ந்து படித்தேன். விலகல் என்ற பத்தி முழுக்க 0.0. நிஜமான மெஷினில் இப்படி வரவே வராது. போன வருஷத்து சர்ட்டிபிகேட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தால், அப்சார்பன்ஸ் (ஒளியை விழுங்கும் அளவு) எண்கள் மூன்றாம் தசமம் வரை அதே. அளவீட்டு நிச்சயமின்மை, அதாவது ரீடிங் எவ்வளவு கூடக் குறையலாம் என்பது, போடவில்லை. பயன்படுத்தியதாகச் சொல்லும் ஃபில்டரின் கெடு முந்தின வருஷமே முடிந்திருக்கிறது. லேப்களுக்கும் காலிப்ரேஷன் கம்பெனிகளுக்கும் அங்கீகாரம் தரும் என்ஏபிஎல்லின் முத்திரை மட்டும் பளிச்சென்று இருக்கிறது. முத்திரையோடு இருந்த அங்கீகார எண்ணை என்ஏபிஎல் தளத்தில் தேடினேன். கம்பெனி நிஜம்தான், ஆனால் அங்கீகாரம் தராசுக்கும் தெர்மாமீட்டருக்கும் மட்டும். ஸ்பெக்ட்ரோவே அதில் கிடையாது.

ஃபோன் செய்தால், "உங்க ஊர் வோல்டேஜ் பிரச்சனை மேடம்" என்கிறார்கள். அன்று எடுத்த ரீடிங்கின் பிரிண்ட்டைக் கேட்டேன். மூன்று வாரம் ஆகிறது, வரவில்லை.

ஆகவே ஆள் வருவதற்கு முன்பே அங்கீகாரப் பட்டியலில் உங்கள் கருவி இருக்கிறதா என்று பாருங்கள். வந்ததும் ஃபில்டர் பெட்டியைத் திறக்கச் சொல்லி வரிசை எண்ணையும் கெடு தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். முனைகளை உங்கள் கண் முன்னே ஓட்டச் சொல்லுங்கள். அவர் பையை மூடுவதற்குள் உங்கள் ஸ்டாண்டர்டு ஒன்றை வைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஃபுளோரைடு ஸ்டாண்டர்டைப் பிளாஸ்டிக் பாட்டிலில் வையுங்கள், கண்ணாடி ஆகாது.

ஜூன் முதல் நாங்கள் கொடுத்த ரிப்போர்ட்டுகளில் 43 பேரைத் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது. 34 பேருக்குக் காசு வாங்காமல் மறுபடி பார்த்துக் கொடுத்தாயிற்று. மீதி 9 பேர் ஃபோன் எடுக்கவில்லை. நாளைக் காலை பென்னாகரம் பஸ்ஸில் பாட்டில்களோடு நானே போகிறேன்.