யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோன எம்ஜிபி ஷொக்குகள்

லண்டனில் நிற்கிற எம்ஜிபி காரின் ஷொக் அப்சோபரைத் திருத்த யாழ்ப்பாணம் கொண்டுபோவதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கொண்டுபோகலாம். 1962 முதல் 1980 வரை அபிங்டனில் செய்த அந்தக் காரில் இருப்பது இப்போதைய குழாய் ஷொக் இல்லை, ஆம்ஸ்ட்ரோங் கம்பனி செய்த, நெம்புகோல் போன்ற கை (லீவர் ஆர்ம்) உள்ள ஷொக். ஊரில் இன்னும் ஓடுகிற ஒஸ்டின் ஏ40 சமர்செட்டிலும் மொறிஸ் மைனரிலும் இருப்பது அதே இனம். பெற்றோல் வராத காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் அது. தேய்ந்ததைக் கழற்றி எறியாமல் கடைந்து எடுப்பது அங்கே பழகிப்போன வேலை. இம்முறை போன பயணத்தில் இரண்டு முன் ஷொக்கும் ஒரு கராஜிலும் பக்கத்து லேத் கடையிலுமாகப் பிரித்துச் செய்யப்பட்டன.

முன் ஷொக்கை வெறும் ஷொக் என்று நினைக்கக் கூடாது. அதன் இரட்டைக் கைதான் சில்லைப் பிடித்திருக்கும் மேல் இணைப்பு. உள்ளே அந்தக் கை பூட்டியிருக்கும் ஷாஃப்ட் ஆடினால் சில்லின் சாய்வும் ஆடும். குழாய் ஷொக் மாற்றிப் போடுங்கள் என்று அங்கேயும் இங்கேயும் சொல்வார்கள். முன்பக்கம் போடும் பல குழாய் ஷொக் செற்றுகளில் பழைய ஷொக் மேல் இணைப்பாக அப்படியே நிற்க வேண்டும், தேய்ந்த ஷாஃப்டும் தேய்ந்தபடியே இருக்கும். காசு போகும், ஆட்டம் போகாது.

கழற்றும்போது ஜக்கைக் கீழ்க்கையின் ஸ்பிரிங் தட்டுக்கு அடியில் கொடுத்துச் சுமையைத் தாங்க வைத்த பிறகே ஷொக்கின் நாலு போல்ட்டில் கை வைக்க வேண்டும். காரின் உடலுக்கு மட்டும் முட்டுக் கொடுத்துவிட்டுக் கழற்றினால் அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் பாய்ந்து வெளியே வரும். ஆளைக் கொல்லக்கூடிய விசை அது.

பெட்டியில் வைக்குமுன் ஒயிலை முழுதாக வடித்துவிடுங்கள். மூடி திறந்தபடி கையை மேலும் கீழும் அசைத்தால்தான் சிலிண்டருக்குள் நிற்பது வரும். பிறகு சவர்க்காரமும் சுடுதண்ணீரும் போட்டுக் கழுவி நன்றாகக் காயவிட வேண்டும். மண்ணெண்ணெயில் கழுவிய பொருள் பெட்டிக்குள் மணந்தால் விமான நிலையத்தில் மறித்துவிடுவார்கள். இடம், வலம் என்று குறியும் போட்டுக்கொள்ளுங்கள்.

கராஜில் பெரியவர் ஷொக்கை வைசில் இறுக்கிக் கையைச் சுழற்றவே இல்லை. இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் அசைத்தார். ‘டக் டக்’ என்று மெல்லிய சத்தம். “தம்பி, இதுக்கு ஒயில் விட்டுப் பிரயோசனமில்லை. ஷாஃப்ட் ஆடுது.” இந்த ஷொக்கின் வருத்தம் அதுதான். அலுமினிய உடலில் இருக்கிற துளைதான் ஷாஃப்டுக்குத் தாங்கி. துளை முட்டை வடிவாகத் தேய்ந்தால் எந்த சீலும் ஒயிலை மறிக்காது. புது ஒயில் ஒரு மாதத்தில் கசிந்துவிடும். ‘திருத்தியது’ என்று சொல்லி விற்கும் ஷொக்குகளிலும் புதுப் பெயின்ற்றும் தடித்த ஒயிலும் மட்டும் இருப்பதுண்டு. வாங்குமுன் இந்த இரண்டு விரல் சோதனையைச் செய்து பாருங்கள்.

பிரிக்கும்போது முதலில் கழற்றியது அடியிலுள்ள பெரிய அறுகோண நட். அதற்குள் அமுக்கத்துக்கும் மீள்வுக்குமான வால்வும் ஸ்பிரிங்குகளும் இருக்கின்றன. வரிசை மாறினால் ஷொக் வேலை செய்யாது, ஆகவே வெளியே எடுத்த வரிசையிலேயே படம் பிடித்து வையுங்கள். மேல்மூடியின் திருகாணிகள் பிடித்துப் போயிருக்கும். தலை அழியாமல் எடுக்க இம்பக்ட் டிரைவர் வேண்டும். பிறகு மறுபடி அதே நிலையில் பூட்ட ஷாஃப்டிலும் கையிலும் அடையாளப் புள்ளி அடித்து, ஹைட்ரோலிக் பிரஸ்சில் ஒரு கையைத் தள்ளிக் கழற்றினார்கள். சுத்தியலால் அடித்துக் கழற்ற முயன்றால் ஷாஃப்ட் வளையும், வார்ப்பின் காதும் வெடிக்கும். பிரஸ் இல்லாத கடையில் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

உள்ளே அடியில் கறுத்த களி. விரலில் தேய்த்தால் வெள்ளிபோல மினுங்கியது: உடலிலிருந்து தேய்ந்த அலுமினியம். அது வால்வு இருக்கையில் ஒட்டினாலே எதிர்ப்பு குறைந்துவிடும். எல்லாத் துவாரங்களையும் கழுவிக் காற்றடித்தார்கள்.

லேத் கடையில்தான் பேச்சு நீண்டது. ஷாஃப்டைக் கிரைண்ட் பண்ணி, அந்த அளவுக்கு வெண்கல புஷ் (ஷாஃப்ட் ஓடும் வளையம்) கடைந்து போடலாம் என்பது அவர்கள் யோசனை. புஷ்ஷுக்கு அது சரி. ஆனால் ஷாஃப்ட் மெலிந்தால் கடையில் வாங்கும் ஒயில் சீல் எதுவும் அளவுக்கு வராது. அதனால் கிரைண்ட் பண்ணி, ஹார்ட் குரோம் பூசி, மறுபடி பழைய அளவுக்கே கிரைண்ட் பண்ணச் சொல்லப்பட்டது. இதை முதல் நாளே தெளிவாகப் பேச வேண்டும். வேலை பாதியில் சொன்னால் மாற்ற முடியாது.

உடலின் இரண்டு துளையையும் ஒரே பிடிப்பில் வைத்துக் கடைய வேண்டும். ஒன்றைக் கடைந்து, திருப்பிப் பிடித்து மற்றதைக் கடைந்தால் நேர் தவறும், ஷாஃப்ட் இறுகும். புஷ் துளையைவிட 0.05 மில்லிமீற்றர் அளவு பெரிதாக இருக்கட்டும், ஏனென்றால் சூட்டில் அலுமினியம் வெண்கலத்தைவிடக் கூட விரியும். உடலை அடுப்பில் 120 பாகை செல்சியஸ் வரை சூடாக்கிப் போட்டால் புஷ் சுலபமாக இறங்கும். காஸ் சுவாலையை நேரே காட்ட விடாதீர்கள். ஷாஃப்ட் ஓட 0.02 முதல் 0.04 மில்லிமீற்றர் இடைவெளி போதும்.

சீல் பதியும் இடத்தில் ஒரு பிழை வந்தது. ஒரு ஷாஃப்டைக் கடைசியாக லேத்தில் எமரி பிடித்து மினுக்கியிருந்தார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது திருகாணிப் புரிபோல மெல்லிய சுருள் கோடு. அந்தக் கோடு ஷாஃப்ட் அசைய அசைய ஒயிலை வெளியே இழுத்துவிடும். நேர்குறுக்காக மறுபடி கிரைண்ட் பண்ணிய பிறகுதான் சீல் போடப்பட்டது. நைட்ரைல் ரப்பர் சீல்களை இங்கிருந்தே கொண்டுபோவது நல்லது, போடும்போது கிழிந்தால் மாற்ற ஒன்றிரண்டு மேலதிகமாக. சீலின் உதடு ஒயில் பக்கம் பார்க்க வேண்டும்.

விட வேண்டியது எஸ்ஏஈ 20 தடிப்புள்ள மினரல் ஒயில். பிரேக் ஒயில் விடவே கூடாது, நைட்ரைல் ஊதிக் கெட்டுவிடும். ஷொக்கை நிமிர்த்தி வைசில் பிடித்து, விட்டு விட்டு ஊற்றி, கையை முழு வீச்சுக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை அசைத்துக் காற்றை எடுக்க வேண்டும். எதிர்ப்பு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீராக இருக்க வேண்டும். ஒரு ஷொக்கில் மேல்முனையில் ஒரு விரல் அகலத்துக்குக் கை சும்மா போய் வந்தது. எத்தனை தடவை அசைத்தும் மாறவில்லை. திறந்து பார்த்தால் பிஸ்டனிலுள்ள நிரப்பு வால்வு பழைய ஒயில் பிசினில் ஒட்டிக்கிடந்தது. கழுவிப் போட்டதும் சரி. அன்றிரவு இரண்டையும் வெள்ளைக் கடதாசியின் மேல் நிமிர்த்தி வைத்தார்கள். காலையில் கடதாசி சுத்தமாக இருந்தது.

நாட்களைப் பற்றி ஒன்று. கராஜ் வேலை இரண்டு நாள்தான், லேத்தும் குரோமும்தான் காலத்தைத் தின்னும். இறங்கிய வாரமே கொடுத்துவிடுங்கள். நல்லூர்த் திருவிழா நாட்களில் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

திரும்பும்போது மறுபடி வடித்துத்தான் கொண்டுவர வேண்டும். இங்கே வந்து நிரப்பிய பிறகு, காரில் பூட்டும் வரை நிமிர்ந்தபடியே வைத்திருங்கள். சரித்தால் காற்றுப் புகுந்து எல்லாம் முதலிலிருந்து. முன் போல்ட்டுகளின் இறுக்கம் 43 முதல் 45 அடி-பவுண்டு. கை வெளியே நிற்கும்போதே அதன் நுனி ரப்பர் புஷ்களையும் மாற்றிவிடுங்கள்.