டிவி யூனிட்டுக்கு ஒன்றரை லட்சம் தரலாமா? கம்பெனி, ஆசாரி, ரெடிமேட் மூன்றையும் விசாரித்ததில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹாலில் சுவரோடு சேர்த்து அடிக்கிற டிவி யூனிட்டுக்கு இன்டீரியர் கம்பெனிகள் கேட்கிற தொகையில் பாதிக்கு மேல் அலமாரிக்கோ டிராயருக்கோ போவதில்லை. டிவிக்குப் பின்னால் சுவரை மூடுகிற பேனலுக்கும் அதில் பதிக்கிற லைட்டுக்கும்தான் போகிறது. பள்ளிக்கரணைப் பக்கம் எங்கள் ஃபிளாட்டுக்காக விலை கேட்டு அலைந்ததில் எனக்குத் தெளிவாகப் புரிந்தது இதுதான். புது வீட்டுக்குக் குடிபோகிற அவசரத்தில் நிறைய பேர் கொட்டேஷனின் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள், அதனால்தான் கணக்கோடு எழுதுகிறேன்.

எங்கள் ஹால் சுவர் 10 அடி அகலம், 9 அடி உயரம். கம்பெனிக்காரர்கள் வந்து அளந்தார்கள், அழகான 3டி படம் அனுப்பினார்கள், உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. கீழே 10 அடி நீளத்துக்கு டிராயர், ஓரத்தில் 2 அடி அகலத்தில் ஏழரை அடி உயர அலமாரி, மிச்ச சுவர் முழுக்க மர நிற பேனல், நடுவில் பள்ளம் வைத்து அதில் டிவி, சுற்றி எல்இடி. மொத்தம் 1,66,380 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து. இதைப் பிரித்துக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினேன். சாமான் வைக்கிற பகுதி முன்பக்க அளவில் 30 சதுர அடிதான், அதற்கு 1,900 ரூபாய் வீதம் 57,000. பேனல் 60 சதுர அடி, 1,100 வீதம் 66,000. லைட், வயரிங், அதை மறைக்கிற பெட்டி எல்லாம் சேர்த்து 18,000. அப்புறம் 18 சதவீத வரி. ஒரு நோட்டுப் புத்தகம்கூட வைக்க முடியாத பலகைக்கு, சாமான் வைக்கிற அலமாரியைவிட விலை அதிகம்!

பேனல் வேண்டாம் என்பதற்குப் பணம் மட்டும் காரணமில்லை. 55 இன்ச் டிவி என்றால் அகலம் சுமார் 122 செ.மீ., 65 இன்ச் வாங்கினால் 144 செ.மீ. ஆகிவிடும். இன்றைய டிவிக்கு அளவெடுத்துப் பள்ளம் வைத்தால் அடுத்த டிவி அதற்குள் போகாது, யூனிட் பழுதாகும் முன்பே டிவி எப்படியும் பழுதாகிவிடும். இன்னொன்று ஈரம். வெளிச்சுவரில் மழைத்தண்ணீர் இறங்கினாலோ, சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம் இருந்து கசிந்தாலோ, வெறும் சுவர் என்றால் பெயின்ட் உப்பிக்கொண்டு வரும்போதே பார்த்துவிடலாம். பலகை அடித்து மூடிவிட்டால் உள்ளே பூஞ்சையும் கரையானும் வேலை செய்வது வெளியே தெரியவே தெரியாது. அந்த இடத்தில் நல்ல நிறத்தில் ஒரு பெயின்ட் அடித்தால் போதும், பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம்.

சரி, ரெடிமேட். கடையில் 6 அடி டிவி யூனிட் 14,000, கூட ஒரு புத்தக அலமாரி 8,000, ஆக 22,000 ரூபாய்க்கு ஹால் முடிந்துவிடும். விலையைக் கேட்டால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடையில் முன்பக்கத்தை மட்டும் பார்க்காதீர்கள், ஒரு டிராயரை முழுசாக வெளியே இழுத்துத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். நான் பார்த்ததில் அடிப்பலகை 3 மில்லிமீட்டர் ஹார்டுபோர்டு, ஓரக் காடியில் சும்மா செருகியிருந்தது, நடுவில் விரலால் அழுத்தினால் தொய்ந்தது. யூனிட்டின் பின்பக்கமும் அதே போர்டுதான், சின்ன ஆணி அடித்திருந்தார்கள். கண்ணுக்குத் தெரிகிற விளிம்பில் எல்லாம் பட்டை ஒட்டியிருந்தது, தரையைத் தொடுகிற அடி விளிம்பில் மட்டும் ஒன்றும் இல்லை, மரத்தூளை அமுக்கிச் செய்த பார்ட்டிகிள் போர்டு அப்படியே திறந்து கிடந்தது. வீடு துடைக்கும்போது மாப் தண்ணீர் தினமும் படுகிற இடம் அதுதான். அங்கிருந்துதான் ஊறி உப்ப ஆரம்பிக்கும், உப்பினது திரும்ப வற்றாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பகுதியில் தரைத்தளத்து வீடுகளில் இதைக் கண்ணாரப் பார்த்தோம். தண்ணீர் வடிந்த பிறகு தெருவோரம் குவிந்து கிடந்தவற்றில் பார்ட்டிகிள் போர்டு சாமான்கள்தான் அதிகம், அடிப்பக்கம் ரவை உப்புமா மாதிரி உதிர்ந்து கொட்டியது. நல்ல ப்ளைவுட்டில் செய்தவை மேலே ஒட்டுகிற மைக்கா ஓரம் பெயர்ந்து, கதவு கொஞ்சம் இறுகி, ஆனாலும் நின்றன. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் மாதிரி தண்ணீர் தேங்குகிற இடத்தில் கீழ்வீட்டில் இருப்பவர்கள் எதைச் செய்தாலும் தரையோடு உட்கார வைக்காமல் சுவரில் தொங்குகிற மாதிரியோ, உயரமான ஸ்டீல் கால் வைத்தோ செய்யச் சொல்லுங்கள். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ரெடிமேட் போதும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வீடு மாறும்போது கழற்றாமல் முழுசாகத் தூக்கிப் போக முடிகிற அளவில் வாங்குங்கள். பார்ட்டிகிள் போர்டில் ஸ்க்ரூவைக் கழற்றி மறுபடி அதே ஓட்டையில் முறுக்கினால் பிடிப்பு இருக்காது, ஒரு தடவை கழற்றி மாட்டினாலே ஆட ஆரம்பித்துவிடும்.

இப்போது ஆசாரி. கம்பெனி சொன்ன அதே 30 சதுர அடி, கீழ் டிராயரும் ஓர அலமாரியும் மட்டும். பொருள் நாம் வாங்கிக் கொடுத்தால் கூலி சதுர அடிக்கு 450 என்றார், 13,500. பெரியமேடு சைடன்ஹாம்ஸ் ரோட்டில் ப்ளைவுட், மைக்கா, கீல், டிராயர் ஓடுகிற சேனல் எல்லாம் விசாரித்தேன். 19 மி.மீ. ப்ளைவுட் 4 ஷீட், டிராயர் பெட்டிக்கு 12 மி.மீ. ஒன்று, பின்பக்கத்துக்கு 6 மி.மீ. ஒன்று, மூன்றும் 8க்கு 4 அடி, சேர்த்து 18,000 சொச்சம். உள்ளும் வெளியும் மைக்கா 7,000, மெதுவாகத் தானே மூடுகிற சாஃப்ட் க்ளோஸ் சேனலும் கீலும் கைப்பிடியும் 8,000, பசை, விளிம்பில் ஒட்டுகிற பட்டையான எட்ஜ் பேண்டிங், ஸ்க்ரூ, வண்டி வாடகை ஒரு 4,000. மொத்தம் 51,000 முதல் 52,000 வரை. கடை விலையில் ஜிஎஸ்டி அடங்கிவிட்டது, கூலிக்கு அவர் வரி போடவில்லை. ஆண்டுக்கு 20 லட்சத்துக்குள் வேலை செய்கிறவர் ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டியதில்லை.

இங்கே கவனியுங்கள். கம்பெனியில் பேனலும் லைட்டும் வேண்டாம் என்று எடுத்துவிட்டால் அதே அலமாரி வரியோடு 67,260. ஆசாரியிடம் 52,000. வித்தியாசம் 15,000தான். பேனலையும் லைட்டையும் விட்டதில் மிச்சமாகிறது 99,120. கம்பெனி கொள்ளை, ஆசாரி மலிவு என்று எல்லோரும் பேசுகிறார்கள், கணக்குப் போட்டால் அப்படி இல்லை. யாரிடம் செய்கிறோம் என்பதைவிட எதைச் செய்யச் சொல்கிறோம் என்பதில்தான் பணம் இருக்கிறது.

ஆசாரியிடம் போவதாக இருந்தால் ப்ளைவுட்டில் ஏமாறாமல் இருக்க வேண்டும். வாட்டர்ப்ரூஃப் என்று வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். ஷீட்டில் ஐஎஸ் 710 என்ற முத்திரையும் ஐஎஸ்ஐ குறியும் லைசென்ஸ் எண்ணும் இருக்கிறதா பாருங்கள், அந்த எண்ணை, முத்திரை கொடுக்கிற அரசு தர நிறுவனமான பிஐஎஸ்ஸின் பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் எந்த கம்பெனிக்குக் கொடுத்தது, நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். 710 என்பது 72 மணி நேரம் கொதிக்கிற தண்ணீரில் போட்டாலும் அடுக்கு பிரியக்கூடாத ரகம். எம்ஆர் என்று எழுதியிருந்தால் அது ஈரப்பதத்தைத் தாங்குமே தவிர தேங்கிய தண்ணீரைத் தாங்காது, மேல் அலமாரித் தட்டுக்கு வேண்டுமானால் போடலாம், கீழே வேண்டாம். வெட்டின ஷீட்டின் ஓரத்தில் அடுக்குகளுக்கு நடுவே இடைவெளி தெரிந்தால் அந்த ஷீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ஸ்க்ரூ அந்த இடத்தில் விழுந்தால் நிற்காது.

கம்பெனி வேலையில் மேல் என்று சொல்ல வேண்டியதும் உண்டு. மிஷினில் அழுத்தி ஒட்டுகிற மைக்காவும் எட்ஜ் பேண்டிங்கும் கையால் ஒட்டுவதைவிட நேர்த்தியாக, சீராக இருக்கிறது, ஓரத்தில் நகத்தால் நிமிண்டினாலும் எழவில்லை. வீட்டில் தூசி இல்லை, கொண்டு வந்து மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஆசாரி என்றால் பார்க்கிங்கில் வைத்து அறுக்க அசோசியேஷனிடம் அனுமதி வாங்க வேண்டும், சாயங்காலம் ஆனால் மிஷின் ஓட்டக்கூடாது என்பார்கள், நடுவில் முகூர்த்த நாள் வந்தால் அவர் வேறு வீட்டு வேலைக்குப் போய்விடுவார். வீட்டில் யாராவது நின்று பார்க்க முடியாவிட்டால் கூடுதல் 15,000 கொடுத்து கம்பெனியிடமே விடுவது நியாயம்தான். ஆனால் எந்த ப்ளைவுட், எந்த கனம், எந்த சேனல் என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். எனக்கு வந்த முதல் கொட்டேஷனில் “இன்ஜினியர்டு வுட்” என்று மட்டும் இருந்தது. பார்ட்டிகிள் போர்டும் அதில் அடங்கும், மர நாரை அமுக்கிச் செய்கிற எம்டிஎஃப்பும் அடங்கும், ப்ளைவுட்டும் அடங்கும்.

நாலாவதாக ஒரு வழி இருக்கிறது, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய தேக்கு அலமாரி, பெட்டி வாங்குவது. பாலிஷ் போட்டால் இன்னொரு தலைமுறைக்கு வரும், வைரம் பாய்ந்த தேக்கைக் கரையான் லேசில் தொடாது. ஆனால் அந்தக் காலத்து ஆழமான அலமாரி இன்றைய ஃபிளாட் ஹாலில் பாதியை அடைத்துக்கொள்ளும். அளவு டேப் இல்லாமல் அந்தத் தெருவுக்குப் போக வேண்டாம்.

நாங்கள் ஆசாரியிடமே கொடுத்துவிட்டோம். வேலை ஆரம்பிக்கும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு டிவி வருகிற உயரத்தில் இரண்டு பிளக் பாயின்ட், செட்டாப் பாக்ஸ் வயர் இறங்க ஒரு பைப் சுவருக்குள் பதித்துக்கொண்டோம். வயர் தொங்கினால் அசிங்கமாக இருக்குமே, அதனால் பேனல் கட்டாயம் வேண்டும் என்று கம்பெனியில் சொன்னார்கள். சுவரில் காடி எடுத்து, பைப் பதித்துப் பூசி, பெயின்ட் அடிக்க 2,500 ரூபாய் ஆனது.