"சேஞ்ச் இல்லக்கா": சென்னையில் மூன்று நாள்

ஜெர்மனியில் பதினோரு வருடம் இருந்ததில் எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டென்றால், அது கையில் ரொக்கம் வைத்திருப்பதுதான். ஸ்டுட்கார்ட்டில் எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் ரொட்டிக் கடையில் இன்றைக்கும் கார்டு வாங்கமாட்டார்கள். அதனால் டிசம்பரில் ஊருக்குக் கிளம்பும்போது மேசை டிராயரைக் குடைந்து, பழைய பயணங்களில் மிஞ்சிப்போன இந்திய நோட்டுகளை எல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்தேன். கோவில்பட்டியில் செல்வி வீட்டுக் கட்டிலில் கைப்பையைக் கொட்டியதும் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கட்டுக்குள் ஆறு இரண்டாயிரம் ரூபாய் நோட்டுகள்.

"ஏட்டி, இத மியூசியத்துல வைக்கலாம்."

2023 மே மாதம் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். சட்டப்படி இன்னும் செல்லும், ஆனால் எந்தக் கடையில் நீட்டினாலும் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள். மாற்ற வேண்டுமென்றால் ரிசர்வ் வங்கியின் 19 அலுவலகங்களில் ஒன்றுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் தபாலில் அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டில் அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது. நாங்களும் சென்னைக்குத்தான் கிளம்பிக்கொண்டிருந்தோம்.

நாங்கள் என்றால் ஒரே பள்ளிக்கூடத்து ஆட்கள் நாலு பேர்: செல்வி, முத்துலட்சுமி, ஜெசிந்தா, நான். கடைசியாக நாலு பேரும் சேர்ந்து எங்கேயாவது போனது பன்னிரண்டாம் வகுப்புச் சுற்றுலா. ரயில் டிக்கெட் முத்துலட்சுமி பொறுப்பு. 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்னால்தான் முன்பதிவு செய்ய முடியும், முன்பு போல 120 நாள் கிடையாது. அதனால் அக்டோபர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சரியாகக் காலை எட்டு மணிக்கு அவள் செல்போனோடு உட்கார்ந்தாள். எனக்கு அங்கே விடிகாலை மூன்றரை. வாட்ஸப்பில் "நாலும் கன்ஃபார்ம்" என்று வந்த பிறகுதான் தூங்கினேன்.

என் பிரச்சினை செல்போனில் ஆரம்பித்தது. ஊரில் இப்போது எல்லா வேலைக்கும் ஓடிபி. எனக்கு வரவேண்டிய ஓடிபி எல்லாம் நான் 2014-ல் விட்டுவிட்டுப் போன பழைய எண்ணுக்குப் போகிறது. அந்த எண்ணை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். கூப்பிட்டுப் பார்த்தேன், ஒரு பெரியவர் எடுத்தார். "அந்த நம்பரெல்லாம் உங்களுக்குத்தானாம்மா? நான் அழிச்சிருதேன்" என்றார். நல்ல மனிதர். வங்கியில் புது எண்ணைப் பதியப் போனால், படிவத்தை வாங்கிக்கொண்டு "ஏழு வேலை நாள்" என்றார்கள். சிங்கப்பூர், அமெரிக்கா, கனடா, அமீரகம் மாதிரி சில நாட்டு எண்களுக்கு யுபிஐயைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். நான் கிளம்பும்வரை பார்த்த பட்டியலில் ஜெர்மனி இல்லை. ஆக, ரொக்கம் பிடித்த நாட்டிலிருந்து ரொக்கத்தோடு, ரொக்கத்தை மறந்துபோன ஊருக்கு வந்து நின்றேன்.

டிசம்பர் 26, வெள்ளிக்கிழமை காலை எழும்பூர். ரயிலில் ராத்திரி முழுக்க ஜெசிந்தா கொண்டுவந்த கிறிஸ்துமஸ் கேக்கைத் தின்றுகொண்டே பேசியதில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. விடுதியில் பையைப் போட்டுவிட்டு அருங்காட்சியகத்துக்கு நடந்தோம். கேட் பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை விடுமுறையாம். அவர்கள் எழுதித்தான் போட்டிருக்கிறார்கள், நாங்கள்தான் பார்க்கவில்லை. சரி, வெள்ளிக்கிழமை என்றால் ரிசர்வ் வங்கி திறந்திருக்குமே என்று ராஜாஜி சாலைக்கு ஆட்டோ பிடித்தோம்.

ஆட்டோவை செல்வி செயலியில் பிடித்தாள். இறங்கும்போது நான் கெத்தாக ஒரு ஐந்நூறை நீட்டினேன்.

"சேஞ்ச் இல்லக்கா. ஜிபே பண்ணிடுங்க."

செல்வி பண்ணினாள். அந்த மூன்று நாளில் இந்த வசனத்தை எத்தனை தடவை கேட்டேன் என்று கணக்கில்லை. இளநீர்க்காரர், பூக்காரம்மா, கோயில் வாசலில் செருப்பு பார்த்துக்கொள்பவர் என்று எல்லாரிடமும் ஒரு கியூஆர் அட்டை தொங்குகிறது. பணம் விழுந்ததும் ஒரு பெண் குரல் தொகையைச் சொல்கிறது. எந்த உணவகத்திலும் நான் பர்ஸைத் திறக்கும் முன்பே மேசைக்கு அந்த அட்டை வந்துவிடும். செல்வி தன் சின்ன டைரியில் என் பெயருக்கு ஒரு பக்கம் ஒதுக்கினாள்.

ரிசர்வ் வங்கியில் நான் பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. ஒரு படிவம், பாஸ்போர்ட், வரிசையில் கொஞ்ச நேரம். ஆறு இரண்டாயிரம் போய் இருபத்துநாலு ஐந்நூறாகத் திரும்பி வந்தது. வெளியே வந்ததும் முத்துலட்சுமி சொன்னாள்: "இப்ப உன்கிட்ட சேஞ்ச் இல்லாத நோட்டு இன்னும் நெறைய இருக்கு."

பக்கத்திலேயே ஜார்ஜ் கோட்டை. அங்கே உள்ள அருங்காட்சியகமும் வெள்ளிக்கிழமை மூடியிருந்தது. நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். 1680-ல் கட்டி முடித்த செயின்ட் மேரி தேவாலயத்தை மட்டும் பார்த்துவிட்டு, பாரிமுனைப் பக்கம் நடந்து மயிலாப்பூர் போகிற பஸ்ஸில் ஏறினோம். முகத்தில் ரோஸ் வண்ணம் அடித்த சாதாரணக் கட்டணப் பஸ். நான் பழக்க தோஷத்தில் ஐந்நூறை எடுத்தேன். நடத்துநர் நோட்டைப் பார்க்கக்கூட இல்லை. நாலு சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். 2021 மே மாதத்திலிருந்து இந்தப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்று செய்தியில் படித்ததுதான். ஆனால் கையில் அந்தச் சீட்டு வந்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஜெர்மனியில் 2025-ல் மாதம் 58 யூரோ கட்டி நாடு முழுக்க உள்ளூர் ரயிலிலும் பஸ்ஸிலும் போனேன், அது நல்ல திட்டம் என்று எல்லாரிடமும் பீற்றியிருக்கிறேன். இங்கே எனக்கு முன்னால் பூக்கூடையோடு நின்ற ஒரு அம்மா அந்தச் சீட்டைச் சுருட்டி வளையலுக்குள் செருகிக்கொண்டு, வேறு ஏதோ யோசனையில் இருந்தார். காசு என்ற பேச்சே எழாத இடம் அந்த மூன்று நாளில் அது ஒன்றுதான்.

சாயங்காலம் மெரினா. சுனாமி வந்த நாள் என்பதால் அலை ஓரத்தில் மாலையும் உதிர்ந்த பூக்களுமாகக் கிடந்தன. காலையில் வந்து பால் ஊற்றி அஞ்சலி செலுத்தியிருக்கிறார்கள். ஜெசிந்தா கொஞ்ச நேரம் தனியாக நின்றாள், நாங்கள் கூப்பிடவில்லை. அப்புறம் மிளகாய் பஜ்ஜி. அங்கே கழிப்பறை தேடி அலைந்த கதையை எழுதலாம், ஆனால் வேண்டாம். ஒன்று மட்டும் சொல்கிறேன்: பெண்கள் குழுவாகப் போனால், மெட்ரோ நிலையம் கண்ணில் பட்டதும் தேவை இருக்கிறதோ இல்லையோ உள்ளே போய் வந்துவிடுங்கள். நாங்கள் போன நிலையங்களில் கழிப்பறை சுத்தமாக இருந்தது.

மெட்ரோ எனக்குப் புதுசு. நான் ஜெர்மனிக்குப் போனதற்கு அடுத்த வருஷம், 2015-ல்தான் ஓட ஆரம்பித்தது. குறைந்த கட்டணம் 10 ரூபாய், அதிகபட்சம் 50. முத்துலட்சுமி தன் செல்போனில் 'சென்னை ஒன்' என்று ஒரு செயலியை இறக்கியிருந்தாள். 2025 செப்டம்பரில் வந்ததாம். பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் அதிலேயே டிக்கெட் எடுக்கலாம். ஸ்டுட்கார்ட்டில் இருந்துகொண்டு இதைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்பது உண்மை.

சனிக்கிழமை மறுபடி எழும்பூர். 1851-ல் தொடங்கிய அருங்காட்சியகம், ஒரு நாள் போதாது. வெண்கலச் சிலைக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் பத்து நிமிடம் நின்றிருப்போம். ஆனால் எங்களைப் பிடித்து நிறுத்தியது ஆதிச்சநல்லூர்ச் சாமான்கள்தான். எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணிக் கரையில் இருக்கும் பழங்கால இடுகாடு அது. அலெக்சாண்டர் ரீ என்ற தொல்லியலாளர் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தோண்டி எடுத்தவை. துருப்பிடித்த இரும்பு வாள்கள், வெண்கலப் பாத்திரங்கள்.

"நம்ம பக்கத்து ஊர்ச் சாமானப் பாக்க அறுநூறு கிலோமீட்டர் வந்திருக்கோம்" என்றாள் செல்வி.

அலெக்சாண்டர் ரீக்கும் முன்னால், 1876-ல், யாகோர் என்ற ஜெர்மானியர் அங்கே தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்கு எடுத்துப்போனார். அதைச் சொன்னதும் மூன்று பேரும் என்னை முறைத்தார்கள், நான்தான் தூக்கிக்கொண்டு போன மாதிரி. பதினோரு வருடத்தில் பெர்லினுக்கு நாலு தடவை போயிருக்கிறேன், அதைப் பற்றி ஒரு தடவைகூட விசாரித்ததில்லை. 2023-லிருந்து ஆதிச்சநல்லூரிலேயே தோண்டிய குழிகளுக்கு மேல் கண்ணாடி போட்டுக் காட்டுகிறார்கள். கோவில்பட்டியிலிருந்து காரில் போய்வரலாம். அங்கேயும் நாங்கள் யாரும் போனதில்லை.

ராத்திரி மயிலாப்பூரில் ஒரு சபா கேன்டீன். மார்கழி மாதம், உள்ளே கச்சேரி, வெளியே எங்களுக்கு வாழைப்பூ வடை. ஞாயிற்றுக்கிழமை கலங்கரை விளக்கத்தில் லிஃப்டில் ஏறி, ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் மயிலாப்பூர் மொட்டை மாடிகளும் பார்த்தோம். கீழே மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளமும் தெரிந்தது. அன்றைக்கே ராத்திரி ரயில்.

திங்கட்கிழமை காலை கோவில்பட்டியில் இறங்கியதும் செல்வி டைரியைத் திறந்தாள். என் பக்கம் 4,340 ரூபாய். ஒன்பது ஐந்நூறை எண்ணிக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தாள், பர்ஸைத் துழாவினாள்.

"சேஞ்ச் இல்லட்டி."

ஸ்டேஷனுக்கு வெளியே இருந்த கடையில் 160 ரூபாய்க்குக் கடலைமிட்டாய் வாங்கி, ஜிபே பண்ணிவிட்டு, பொட்டலத்தை என் கையில் திணித்தாள்.