அயர்ன் பாக்ஸில் உருகி ஒட்டியதை எடுக்க எது சரி: சூடா, மாத்திரையா, ஐஸா, சோடாவா?

அயர்ன் பாக்ஸின் அடித்தட்டில் துணியோ பிளாஸ்டிக்கோ உருகி ஒட்டிக்கொண்டது என்றால், கேட்டவர் எல்லாரும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். உப்பு, பற்பசை, மெழுகுவர்த்தி, வினிகர், நெயில் பாலிஷ் ரிமூவர், காய்ச்சல் மாத்திரை, ஐஸ் கட்டி என்று பட்டியல் நீளும். இவற்றில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு கறைக்கு உண்மையிலேயே வேலை செய்பவைதான். ஆனால் எந்தக் கறைக்கு எது என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. என் ஓட்டு எதற்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அளவான சூடு, ஒரு மரக்குச்சி, பருத்தித் துணி. இந்த மூன்றும் கைவிட்டால்தான் மற்றவற்றின் பக்கம் போக வேண்டும்.

காரணம் ஒன்றே ஒன்றுதான்: தட்டில் கீறல் விழக்கூடாது. ஒட்டியது இன்று போகாவிட்டால் நாளை போகும்; விழுந்த கீறலை எடுக்க வழியில்லை. கீறலுக்குள் கஞ்சியும் நூல்தூசும் போய்த் தங்கி, ஒவ்வொரு சூட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகும். துணிமேல் தட்டு வழுக்காமல் இழுக்க ஆரம்பிக்கும். இழுத்தால் ஒரே இடத்தில் அதிக நேரம் நிற்கும். அங்கே செயற்கை இழை மறுபடி உருகும். இரண்டாவது முறை உருகுவது அந்தப் பள்ளத்தையே பிடித்துக்கொள்வதால் முதல் முறையைவிடக் கெட்டியாக ஒட்டும். நான்ஸ்டிக் பூச்சு உள்ள தட்டில் நிலைமை இன்னும் மோசம். அந்தப் பூச்சு மென்மையானது, கீறிய இடத்தின் ஓரத்திலிருந்து மெல்ல உரியத் தொடங்கும். செராமிக் பூச்சு கடினமானது, எளிதில் கீறாது. ஆனால் கத்தி முனை குத்தினால் சில்லு பெயரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஓரளவு தாங்கும். பூச்சில்லாத அலுமினியம் கீறலுக்கும் சோடா போன்ற காரத்துக்கும் ஒருசேர இளகிக்கொடுக்கும். எனவே ஒவ்வொரு முறையையும், ‘கறை போகுமா’ என்பதற்கு முன்னால், ‘தட்டு என்ன ஆகும்’ என்று கேட்டே எடை போடுகிறேன்.

முதலில் ஒட்டியது எது என்று பார்க்க வேண்டும். பளபளவென்று மெல்லிய படலமாக, சில இடத்தில் பையின் எழுத்தோடேயே ஒட்டியிருந்தால் அது பாலித்தீன். கண்ணாடிபோல் இறுகிப் பழுப்பாக இருந்தால் பாலியஸ்டர் அல்லது நைலான். ரப்பர்போல் இழுபட்டால் டி-ஷர்ட் பிரிண்டோ, தையலில் வைக்கும் ஒட்டு கேன்வாஸின் பசையோ. பளபளப்பே இல்லாமல் கறுத்துச் சொரசொரப்பாக இருப்பது பெரும்பாலும் உருகியதே அல்ல, கருகிய கஞ்சி. ஆறிய தட்டில் வெந்நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் போட்டு வைத்துத் துடைத்தால் அதில் பெரும்பகுதி வந்துவிடும்.

சூடும் மரக்குச்சியும்

இந்த முறையில் தோற்பவர்கள் அநேகமாகச் சூட்டில்தான் தோற்கிறார்கள். ‘நன்றாகச் சூடாக்கித் துடை’ என்பது பாதி சரி, பாதி ஆபத்து. பாலித்தீன் 105 முதல் 130 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். நைலானில் ஒரு வகை சுமார் 220-லும் மற்றொன்று 260-ஐ ஒட்டியும் உருகும். பாலியஸ்டர் 250-க்கு மேல்தான் முழுதாக உருகும், ஆனால் அதற்கு முன்பே இளகி ஒட்ட ஆரம்பித்துவிடும். அயர்ன் பாக்ஸின் சூட்டுக் குமிழில் ஒரு புள்ளி என்பது சுமார் 110 டிகிரி, இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200. இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் வழி தெரிந்துவிடும். பாலித்தீனுக்கு ஒரு புள்ளியே போதும். மூன்று புள்ளியில் வைத்தால் அது தண்ணீராய் இளகி நீராவித் துளைக்குள் ஓடிவிடும், பிறகு அங்கிருந்து எடுப்பது தனி வேலை. பாலியஸ்டருக்கோ ஒரு புள்ளியில் எதுவும் நடக்காது, கல்லாட்டம் நிற்கும்.

செய்முறை இது. தொட்டியில் உள்ள தண்ணீரை வடித்துவிட்டு நீராவியை மூடுங்கள். பாலித்தீன் என்றால் ஒரு புள்ளியில் வைத்து, படலத்தின் ஓரம் சுருளத் தொடங்கியதும் பிளக்கைப் பிடுங்குங்கள். பாலியஸ்டர், நைலான் என்றால் மூன்று புள்ளியில் வைத்து, விளக்கு இரண்டாவது முறை அணையும்வரை பொறுங்கள். முதல் முறை அணையும்போது தட்டின் சூடு ஒரே சீராக இருக்காது, சில இடத்தில் குறித்த அளவைத் தாண்டியும் இருக்கும். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு வேலையை ஆரம்பிக்கலாம். ஒன்றிரண்டு நிமிடத்துக்குச் சூடு தாங்கும்.

ஐஸ்க்ரீம் குச்சி அல்லது நேர் விளிம்புள்ள மரக் கரண்டியைத் தட்டோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்து, துளைகள் இருக்கும் பக்கத்திலிருந்து ஓரத்தை நோக்கித் தள்ளுங்கள். குத்தவோ நெம்பவோ வேண்டாம். குச்சியின் விளிம்பில் பிசின்போல் சேர்வதை ஒவ்வொரு தள்ளலுக்கும் துணியில் வழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் எடுத்ததையே அடுத்த இடத்தில் பூசுவீர்கள். கடைசியில் நான்காக மடித்த பழைய பருத்தித் துண்டின்மேல் தட்டை அழுத்தித் தேயுங்கள். ஒரே சுற்றில் முழுதும் வராது. தடித்த கறைக்கு நாலைந்து முறை சூடாக்க வேண்டியிருக்கும். அவசரப்பட்டுக் குச்சிக்குப் பதில் உலோகக் கரண்டிக் காம்பை எடுப்பது இந்த இடத்தில்தான்.

துணி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. துடைப்பது நூறு சதம் பருத்தியாக இருக்க வேண்டும். மைக்ரோஃபைபர் துணி பாலியஸ்டரும் நைலானும்தான். சூடான தட்டில் அதுவே புதிய கறையாகிவிடும். கையுறையும் அப்படியே, நைலான் ஆகாது.

பிரிண்டும் கேன்வாஸ் பசையும் குறைந்த சூட்டிலேயே இளகும். பிரிண்டுகளில் பல பி.வி.சி. சேர்ந்தவை. அதிகம் சூடாக்கினால் அதிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். மூக்கையும் தொண்டையையும் அரிக்கும். ஒரு புள்ளிக்கு மேல் போகாதீர்கள்.

மாத்திரை

இந்த முறைக்கு நேர் போட்டி பாராசிட்டமால் மாத்திரைதான். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் வேலை செய்கிறது. பாலியஸ்டர், நைலான் விஷயத்தில் மரக்குச்சியைவிட வேகமாகவே செய்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று புள்ளியில்கூடப் பாலியஸ்டர் தோல்போல்தான் இளகும், ஓடாது. பாராசிட்டமாலின் உருகுநிலை சுமார் 169 டிகிரி. அதனால் சூடான தட்டில் வைத்தவுடன் அது திரவமாகிக் கறைக்குள் இறங்குகிறது. பாலியஸ்டரையும் நைலானையும் கரைக்க ஆய்வகங்களில் பீனால் வகைக் கரைப்பான்களைப் பயன்படுத்துவார்கள். பாராசிட்டமாலும் பீனால் குடும்பம்தான் என்பதால் இங்கும் அதுவே நடக்கிறது என்று நினைக்க இடமுண்டு.

மேல்பூச்சோ சர்க்கரை உறையோ இல்லாத சாதா மாத்திரையை இடுக்கியால் பிடித்து, கறைமேல் தேய்த்து, பழுப்பாக இளகியதும் உடனே துடைக்க வேண்டும். விரலால் பிடித்தால் சுடும். மாத்திரை நினைத்ததைவிடச் சீக்கிரம் கரைந்து போகும். கீறல் பயம் அவ்வளவாக இல்லை. இதை நான் இரண்டாம் இடத்தில் வைப்பது புகையால்தான். கண்ணைக் கரிக்கும் புகை வரும். ஜன்னலைத் திறந்து வைத்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். குழந்தைகளோ ஆஸ்துமா உள்ளவர்களோ இருக்கும் அறையில் கூடாது. பாலித்தீனுக்கு இது தேவையே இல்லை. நான்ஸ்டிக் தட்டில் திரும்பத் திரும்பச் செய்தால் பூச்சு எப்படித் தாங்கும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். அதற்குக் குச்சியோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. கடையில் கிடைக்கும் அயர்ன் க்ளீனர் குச்சியையும் இதே போலச் சூடான தட்டில் தேய்த்துத் துடைக்க வேண்டும். கறை அதிகமிருந்தால் மாத்திரைக்குப் பதில் அதை வாங்குவது மேல். உங்கள் தட்டின் பூச்சுக்கு ஆகுமா என்று உறையில் பார்த்து வாங்குங்கள்.

ஐஸ், சோடா, மற்றவை

ஐஸ் ஒரே ஒரு இடத்தில் குச்சியை ஜெயிக்கும்: தடித்த பிளாஸ்டிக் கட்டியாக உறைந்து நிற்கும்போது. குளிரில் பிளாஸ்டிக் உலோகத்தைவிடப் பல மடங்கு சுருங்கும், அதில் பிடி விட்டு ஓரம் எழும்பும். முழுக்க ஆறிய பெட்டியைக் கவிழ்த்து, ஐஸ் கட்டிகளைப் பையில் கட்டித் தட்டின்மேல் கால் மணி நேரம் வைத்து, எழும்பிய ஓரத்தில் குச்சியைக் கொடுத்தால் கட்டி பெயர்ந்து வரும். மெல்லிய படலத்தில் இது பலிக்காது. சூடான தட்டில் ஐஸை வைக்கவே கூடாது, செராமிக் பூச்சில் விரிசல் விழலாம். முடித்த பிறகு ஈரம் முழுக்கக் காயும்வரை பிளக்கில் செருகாதீர்கள்.

சமையல் சோடா இரண்டு ஸ்பூனுக்கு ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டுக் குழைத்து ஆறிய தட்டில் தேய்ப்பது, குச்சி விட்டுவைத்த மெல்லிய பழுப்புக்கு உதவும். அது மென்மையாக உராயும், அவ்வளவுதான். உருகிய பாலியஸ்டரைக் கரைக்காது. அலுமினியத் தட்டில் ஊற வைத்தால் மங்கிவிடும், உடனே துடைக்க வேண்டும். துளைக்குள் போனது பஞ்சுக் குச்சிக்குத் தப்பினால் அடுத்த கறுப்புச் சட்டையில் வெள்ளைப் புள்ளியாக வந்து நிற்கும்.

வினிகர் உப்புநீர்ப் படிவுக்கு, பிளாஸ்டிக்குக்கு அல்ல. நெயில் பாலிஷ் ரிமூவரில் உள்ள அசிட்டோன் அசிட்டேட் துணியைக் கரைக்கும். பாலியஸ்டரையும் நைலானையும் பாலித்தீனையும் தொடக்கூட மாட்டாது. எளிதில் தீப்பிடிக்கும், சில பெட்டிகளின் பிளாஸ்டிக் உடலையும் அரிக்கும். உப்பை நான்ஸ்டிக்கில் தேய்ப்பது வேண்டாம். மெழுகு துளைக்குள் இறங்கிப் பிறகு துணியில் எண்ணெய்க் கறையாக வரும். கத்தி, கம்பி நார், எமரி பேப்பர் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

எந்த முறையானாலும் முடிவில் துளைகளைப் பல்குத்தும் மரக்குச்சியால் சுத்தம் செய்து, தண்ணீர் நிரப்பி, மூன்று புள்ளியில் பழைய வெள்ளைப் பருத்தித் துணிமேல் நீராவியை முழு வேகத்தில் விட்டுத் தேயுங்கள். துணியில் பழுப்பு இறங்குவது நிற்கும்வரை செய்ய வேண்டும். அதன் பிறகும் ஸ்டீல் தட்டில் ஒரு மஞ்சள் நிழல் நின்றால் அது சூட்டில் உலோகமே நிறம் மாறியதாகவும் இருக்கலாம். தட்டு ஆறியதும் நகத்தால் மெல்லத் தடவிப் பாருங்கள். நகம் எங்கும் தடுக்கவில்லை என்றால் அங்கே எடுப்பதற்கு எதுவும் இல்லை, அப்படியே விட்டுவிடலாம்.