உப்புவெளி வீட்டுக் கமராவும் 4ஜி ரவுட்டரும்

ஊரில் அம்மா அப்பாவைத் தனியே விட்டுவிட்டு வெளிநாட்டில் இருக்கும் எங்களுக்கு, வாசல் கமரா பெரிய ஆறுதல். திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டிலும் பூட்டியிருந்தோம். திடீரென்று ரொறன்ரோவில் என் போனில் படம் வருவது நின்றுவிட்டது. "இங்க ரீவியில வடிவாத் தெரியுது பிள்ள" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு நித்திரை வரவில்லை.

இம்முறை ஊருக்குப் போனதும் டவுனுக்குப் போய் விசாரித்தேன். கமரா விற்ற கடையில், "இன்டர்நெட் பிழை, அவங்களிட்ட கேளுங்க" என்றார்கள். இணைய நிறுவனத்தின் கவுண்டரில், "லைன் சரி, கமராக்காரரைக் கூப்பிடுங்க" என்றார்கள். இருவரும் மரியாதையாகத்தான் கதைத்தார்கள். ஆனால் வீட்டில் அண்மையில் என்ன மாறியது என்று ஒருவரும் கேட்கவில்லை. மாறியது ரவுட்டர். பழைய கம்பி லைனை எடுத்துவிட்டு 4ஜி ரவுட்டர் வைத்திருந்தார்கள்.

அயலவர் அனுப்பிய ஒரு தம்பி வந்தார். அவருடைய முதல் கேள்வியே, என்ன மாறியது என்பதுதான். கமராப் படங்களைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டியின் நெட்வேர்க் பக்கத்தைத் திறந்து காட்டினார். பழைய ரவுட்டரின் முகவரியான 192.168.1.1 தான் இன்னும் கேட்வேயாக, அதாவது இணையத்துக்குப் போகும் வாசலாக இருந்தது. புது ரவுட்டரோ 192.168.8.1. இல்லாத வாசலைப் பெட்டி தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கமராக்கள் வயரில் நேரே பெட்டிக்கு வருவதால் அம்மாவின் ரீவியில் மட்டும் குறையில்லை. ரவுட்டரே முகவரி கொடுக்கிற டிஎச்சிபியை ஓன் பண்ணியதும் பெட்டிக்குப் புது முகவரி கிடைத்தது.

ஆனாலும் ரவுட்டரில் போர்ட் என்ற வழியைத் திறந்து வெளியிலிருந்து பெட்டியை நேரே அழைக்கும் பழைய முறையில் பார்க்க முடியவில்லை. ரவுட்டருக்கு வெளிப்பக்கம் கிடைத்திருந்த முகவரி 100.70 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரையான முகவரிகள், ஒரு பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்க நிறுவனங்கள் உள்ளே பயன்படுத்துபவை. அப்படி இருந்தால் வீட்டு ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து வருகிற அழைப்பு நிறுவனத்தின் கருவியோடு நின்றுவிடும். இந்த ஒரு விஷயத்தைக் கவுண்டரில் சொல்லியிருந்தால் எவ்வளவு அலைச்சல் மிச்சமாகியிருக்கும்! 4ஜிக்கு மாறுகிறவர்கள் கையெழுத்து வைக்க முன்னரே, "பொது ஐபி முகவரி தருவீங்களா?" என்று கட்டாயம் கேளுங்கள்.

தம்பி பீ2பீயை இயக்கினார். இதில் பெட்டியே வெளியே போய்த் தயாரிப்பாளரின் சேர்வரோடு தொடர்பு வைத்துக்கொள்ளும். நாங்கள் கியூஆர் கோட்டை ஸ்கேன் செய்தால் போதும். "அக்கா, போனில வீட்டு வைஃபையை ஓஃப் பண்ணிப் பாருங்க" என்றார். அது முக்கியம், வீட்டு வைஃபையிலேயே பார்த்தால் வெளியே வேலை செய்கிறதா என்று தெரியாது. மொபைல் டேட்டாவில் வாசல் தெரிந்தது. ரொறன்ரோவில் தங்கச்சியை எழுப்பியும் பார்க்கச் சொன்னேன், அவளுக்கும் வந்தது.

அப்புறம் பழைய போர்ட் முறைக்கான அமைப்புகளை அழித்துவிட்டு, கடைக்காரர் வைத்த சுலபமான பாஸ்வேர்டையும் மாற்றினோம். 2016இல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் கமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது, மாற்றாமல் விட்ட இந்த மாதிரிப் பாஸ்வேர்டுகளால்தான். புதியதை அம்மாவின் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.

பின்பக்கக் கமரா கறுப்பாகவே இருந்தது. அது இணையக் கோளாறே இல்லை, கடல் காற்றில் கரண்ட் வயரின் இணைப்பு துருப்பிடித்திருந்தது. புது இணைப்புப் போட்டு, மழை படாத சிறு பெட்டிக்குள் வைத்தார்.

டேட்டாவையும் கவனிக்க வேண்டும். நொடிக்கு ஒரு மெகாபிட் என்றாலும் நாள் முழுக்க ஓடவிட்டால் சுமார் 10.8 ஜிபி போய்விடும். அதனால் போனுக்குச் சிறிய படத்தை வைத்தோம். முகம் தெளிவாகத் தேவைப்பட்டால் மட்டும் பெரியதுக்கு மாற்றலாம், பதிவு எப்படியும் பெட்டியில் முழுத் தரத்தில் இருக்கிறது. கரண்ட் போனாலும் ரவுட்டரும் பெட்டியும் கொஞ்ச நேரம் ஓட, சிறிய யுபிஎஸ் ஒன்றை வாங்கி இரண்டையும் அதில் மாட்டிவிட்டு வந்தேன்.